அரைப்பேர்

பொகவந்தலாவை மேக்கணக்குக் கோயிலில்
இன்றைக்கு எப்சிபாவின் கல்யாணம்.
பனி உள்ளே வந்து
கடைசி வாங்கில் எங்களோடு உட்கார்ந்துகொண்டது.

போதகர் நுவரெலியாவிலிருந்து வந்தவர்.
கறையில்லாத மணவாட்டி என்றார்.
நான் விரல்களைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டேன்.
இருபத்தாறு வருஷக் கொழுந்துச் சாயம்.
தேசிக்காய் தேய்த்தாலும் சாம்பல் தேய்த்தாலும்
ஞாயிற்றுக்கிழமைக்குக்கூடப் போகாத கறுப்பு.

பக்கத்தில் என் வீட்டுக்காரன் தூங்குகிறான்.
பேர் மாசிலாமணி.
ஞானஸ்நானம் கொடுத்தவருக்கு
இவன் சட்டைகளைப் பற்றித் தெரிந்திருக்காது,
சம்பளத்துக்கு மறுநாள்
இவன் வாயிலடிக்கும் வாடை பற்றியும்.

புருஷனைப் பார்த்தால் கிறிஸ்து தெரியவேண்டும்
என்கிறார் போதகர்.
மாப்பிள்ளைப் பையனுக்கு வேர்க்கிறது, இந்தக் குளிரிலும்.
எனக்குச் சிரிப்பு வந்தது.
பிறகு, ஏனோ,
எட்டாம் நம்பர் மலை ஞாபகம் வந்தது.

ஆனி மாதம். மழை படங்கைத் தாண்டி
இடுப்புக்குள் இறங்கும் மாதம்.
எனக்குக் காய்ச்சல் விட்டு மூன்று நாள்.
எங்களுக்குள் பேச்சு நின்று ஒன்பது நாள்.
என் தோட்டை அடகு வைத்திருந்தான்;
நான் அவன் சாப்பாட்டுச் சட்டியைக்
கானுக்குள் எறிந்திருந்தேன்.
சமாதானம் கேட்டு இரண்டு பேருமே ஜெபிக்கவில்லை.

மத்தியான நிறுவையில் ஆறு கிலோ.
சாயந்தரத்துக்குள் பதினெட்டு இல்லையென்றால்
அரைப்பேர்.
நாள் முழுக்க நனைந்தவள்தான்,
ஆனால் கொப்பியில் பாதி ஆள்.
கணக்கப்பிள்ளை பென்சிலை நாக்கில் தொட்டு
பாதிக்குமேல் எழுதமாட்டார்.

மூன்று மணி இருக்கும்.
கவ்வாத்து முடிந்து லயத்துக்குப் போகிறவன்
போகாமல் என் நிரைக்கு வந்தான்.
நான் கூப்பிடவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை.
கத்தி பிடித்த கைக்குக் கொழுந்து தெரியாது.
முற்றலும் குச்சியுமாக ஒடித்து
சாரத்து மடியில் போட்டுக்கொண்டே வந்தான்.
நிரைப் பெண்கள் சிரித்தார்கள்.
கங்காணி இரண்டு தடவை ஏசினார்.
ஏச்சை வாங்கிக்கொண்டு இன்னும் குனிந்தான்.

மடுவத்தில்
என் சாக்கு கொக்கியில் ஏறும்போது
பின்னாலிருந்து வந்து
மடியை அதற்குள் உதறினான்.
அந்தச் சத்தம்.
ஈர இலைமேல் ஈர இலை விழும் சத்தம்.
முற்றலுக்கு இரண்டு கிலோ கழித்த பிறகும்
முள் நகர்ந்து, நகர்ந்து,
பதினெட்டைத் தொட்டு நின்றது.

"யார் பேருக்கு?"
"அவ பேருக்கு."

ஒன்பது நாளில் அவன் பேசியது அவ்வளவுதான்,
அதையும் என்னிடம் பேசவில்லை.
நான் பறிக்காத இலையில்
என் பேர் முழுதாய் விழுந்தது.

பீலிக்கரையில் பார்த்தால்
அவன் கால்விரல் இடுக்கெல்லாம் அட்டை,
குடித்துக் கொழுத்து ஏழெட்டு.
உப்பும் சவர்க்காரமும் எடுத்துக் குனிந்தேன்.
தண்ணீர் சிவந்து இறங்கியது.
தோட்டைப் பற்றி அப்போதும் கேட்டேன், விடவில்லை.
மீட்க அவனுக்கு இரண்டு வருஷம் ஆனது.
எங்கள் காம்பிராவில் மீட்பு என்பது
முதலில் அடகுக்கடைச் சொல்;
அதனால்தான் அதன் விலை எங்களுக்குத் தெரியும்.

எப்சிபா கையெழுத்துப் போடுகிறாள்.
முழுப்பேரையும் எழுதச் சொல்கிறார்கள்.
மாசிலாமணியின் தலை என் தோளில் சரிகிறது.

இவன் கிறிஸ்து இல்லை, ஐயா.
இவன் நிறுவை குறைந்த நாட்கள் எனக்குத் தெரியும்,
என்னுடையது இவனுக்குத் தெரியும்.
ஆனால் ஒருநாள் சாயந்தரமாகும், மழை விட்டிருக்காது,
என் சாக்கைக் கொக்கியில் மாட்டுவார்கள்.
முள் பாதியில் நிற்கும்.
பின்னாலிருந்து ஒருவர் வருவார்,
கைகளில் காயத்தோடு.
நான் திரும்பிப் பார்க்கத் தேவையிருக்காது.
அந்தச் சத்தத்தை
ஏற்கெனவே கேட்டிருக்கிறேன்.